கல்லூரிக்குள் வேண்டாம், ஊருக்குள் வை

குன்னூர்
நவம்பர், ஞாயிறு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. இங்கே ஐப்பசி மழை இன்னும் விட்டபாடில்லை. துவைத்த துணி மூன்று நாளாக அடுப்பங்கரைக் கொடியில்தான் தொங்குகிறது. கொடைக்கானலிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் பிள்ளைகள் ரோட்டராக்ட் கிளப் (ரோட்டரி அமைப்பின் இளைஞர் சேவைக் கிளப்) ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம். ஆனால் கல்லூரிக் கிளப்பாகப் பதிவு செய்யாதீர்கள், ஊர்க் கிளப்பாகவே செய்யுங்கள். மலையில் படிக்கிற பிள்ளைகள் ஏப்ரலில் பரீட்சை எழுதிவிட்டு மே மாதம் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ இறங்கிவிடுவார்கள். கிளப்புக்கு வருஷம் பிறப்பது ஜூலை 1ஆம் தேதி. புதுத் தலைவர் பதவியேற்கும்போது பழைய கணக்கைச் சொல்லித்தர ஒருவரும் ஊரில் இருக்க மாட்டார்கள். இப்படி இரண்டு மூன்று பேட்ச் மாறினால் போதும், பேனர் மட்டும்தான் மிஞ்சும்.

முதல் ரோட்டராக்ட் கிளப்பே ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதான். 1968 மார்ச் 13, அமெரிக்காவில் வட கரோலினாவின் சார்லட் நகரம். பிற்பாடு முப்பது வயதானால் வெளியே போக வேண்டும் என்று ஒரு விதி நெடுநாள் இருந்தது. 2020 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். தாய் ரோட்டரி கிளப் இல்லாமலும் தொடங்கலாம் என்றும் ஆனது (ஆனாலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஹாலும் டாக்டரும் அவர்கள் மூலம்தான் சுலபமாகக் கிடைக்கும்). 2022 ஜூலையிலிருந்து தலைக்கு வருஷச் சந்தாவும் உண்டு. கல்லூரிக் கிளப்புக்கு 5 டாலர், ஊர்க் கிளப்புக்கு 8 டாலர் என்று வைத்தார்கள். அந்த மூன்று டாலரை மிச்சம் பிடிக்கத்தான் பலர் கல்லூரிப் பெயரில் பதிகிறார்கள். நீங்கள் பிடிக்காதீர்கள். லாட்ஜில் வேலை பார்க்கிற பையன், நர்சரிக்காரர், மருந்துக்கடைப் பெண், வேன் டிரைவர், இவர்கள்தான் ஐந்து வருஷம் கழித்தும் அதே ஊரில் இருப்பார்கள்.

அடுத்தது ரத்த தான முகாமுக்கான காலண்டர். ஜூன் 14 உலக ரத்த தான நாள், அக்டோபர் 1 நம் நாட்டுத் தன்னார்வ ரத்த தான நாள். இரண்டும் மலைக்கு ஒத்துவராத தேதிகள். ஜூனில் கூடலூர் பக்கம் கொட்டும், அக்டோபரில் குன்னூரும் நீங்களும் நனைவீர்கள். ரத்தத்துக்கு நிஜமான தட்டுப்பாடு ஏப்ரல், மே சீசனில். கல்லூரி மூடியிருக்கும், காட் ரோட்டில் வண்டியோ நிரம்பி வழியும். ஒரு யூனிட் முழு ரத்தம் சாதாரணப் பையில் 35 நாள்தான் தாங்கும். அதனால் பெரிய முகாமை மார்ச் கடைசியில் வையுங்கள். பனிக்காலத்தில் வைத்தால் காலை பத்து மணிக்கு முன்னால் ஊசியை எடுக்கவே கூடாது. குளிரில் நரம்பு சுருங்கிக் கிடக்கும், நர்ஸ் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பார், வரிசையில் நிற்பவன் அதைப் பார்த்துவிட்டு நழுவிவிடுவான். காத்திருக்கிறவர்களைக் கதவோரம் நிறுத்தாமல் உள்ளே உட்காரவைத்து, கையில் சூடாக ஏதாவது கொடுங்கள். ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டினால் முழங்கைக்கு மேல் இறுக்கும். கழற்றிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

ரத்த வங்கியிடம் ஆள் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லிவிடாதே. விதிப்படி மூன்று மணி நேரத்தில் 50 முதல் 70 பேர் வரை எடுக்க ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், மூன்று டெக்னீஷியன், ஆறிலிருந்து எட்டுக் கட்டில் வேண்டும். இருநூறு பேர் வருவார்கள் என்று பெருமைக்குச் சொன்னால் பெரிய குழு மலையேறி வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகும். அடுத்த தடவை நீ கேட்கிற தேதி கிடைக்காது.

பெண்கள் நிறையப் பேர் திரும்ப வேண்டியிருக்கும், முன்கூட்டியே சொல்லிவை. எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நீல நிற மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள். 15 விநாடிக்குள் அடியில் இறங்கினால் சரி, தயங்கி மிதந்தால் இல்லை. ஒரே பாட்டில் கரைசலில் இருபத்தைந்து பேருக்கு மேல் பார்த்தால் முடிவு பிசகும், மாற்றச் சொல்லிக் கேள். சொட்டு மிதந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்பாமல் இரும்புச்சத்து மாத்திரைக்கு டாக்டரிடம் சீட்டு வாங்கிக் கொடு. என்னைக் கேட்டால் முகாமின் பாதிப் பலன் இதில்தான்.

மயக்கம் போடுகிறவர்கள் பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். நாலு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும். விழுந்தால் முகத்தில் தண்ணீர் அடிப்பதை விட்டுவிட்டுப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். டிரைவர்கள் விஷயத்தில் மட்டும் தாட்சண்யமே கூடாது. ரத்தம் கொடுத்துவிட்டு இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வண்டி எடுக்கக் கூடாது. மறுநாளும் லீவு என்று உறுதியாகத் தெரிந்தால்தான் கட்டில். வத்தலகுண்டு இறக்கத்தில் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூஸ், தண்ணீர் எல்லாம் சில்வர் டம்ளரில். சின்ன பிளாஸ்டிக் பாட்டில் உங்கள் மலையிலும் எங்கள் மலையிலும் தடை. சேவைக் கிளப் முகாமிலேயே அது உருண்டால் அசிங்கம்.

முகாமைவிட முக்கியம் ஒரு நோட்டு. பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி. ஆணுக்கு மூன்று மாதம், பெண்ணுக்கு நாலு மாதம் இடைவெளி. நெகட்டிவ் வகைக்காரர்களை முகாமில் எடுத்துத் தீர்த்துவிடாமல் பாதிப் பேரையாவது கூப்பிட்டால் வருகிற ஆளாகத் தனியே வைத்துக்கொள். இங்கே கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களில் சிக்கிள் செல் நோய் (பரம்பரையாக வரும் ரத்த நோய்) உண்டு. சிலருக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு திருவிழா முகாமால் என்ன பிரயோஜனம்? போன் அடித்தால் எடுக்கிற உள்ளூர் ஆள்தான் வேண்டும்.

பேங்க் கணக்கை மூன்று பேர் பெயரில் திறந்து, யாராவது இருவர் கையெழுத்து என்று எழுதுங்கள். மூவரில் ஒருவர் கட்டாயம் ஊர்க்காரர். தலைவரும் பொருளாளரும் ஒன்றாக வேலைக்குப் போய்விட்டால், புதுப் பெயர் சேர்க்கத் தீர்மான நகலில் பழையவர்கள் கையெழுத்து கேட்பார்கள். அதற்காக ஒருத்தியை பெங்களூரிலிருந்து வரவழைப்பது லேசு இல்லை. தீர்மானத்தை மே மாதமே, அவர்கள் ஊரில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

பதவியேற்பு முடிந்த கையோடு மரம் நடுவது எல்லாக் கிளப்புக்கும் பழக்கம். நட வேண்டுமென்றால் பள்ளிக்கூட வளாகத்தில் நடட்டும். மலை உச்சிப் புல்வெளி காலி இடம் இல்லை. வாட்டில், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டுக் கெடுத்தது போதும்.

சந்தா விவரம், கூட்டக் குறிப்பு மாதிரி, ரத்தக் கொடையாளர் படிவம் மூன்றையும் தனியாகத் தபாலில் போடுகிறேன். திண்டுக்கல்லிலிருந்து ரத்த வங்கி வண்டி வருமா, இல்லை உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே எடுப்பார்களா என்று விசாரித்து எழுது. அதைப் பொறுத்துத்தான் தேதி சொல்ல முடியும்.

அன்புடன்,
சாந்தி