சண்டை சுமார், பேச்சு பிரமாதம்: ஒரு பழைய ரத்தக்காட்டேரி கேம் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வீடியோ கேம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கண் கெடும், தூக்கம் கெடும், பிள்ளைகளின் படிப்பு கெடும் என்று எல்லாம் எழுதியிருந்தார்கள், சரி, ஆனால் முழுப் பக்கத்திலும் ஒரு கேமின் பெயர்கூட இல்லை. படத்தின் பெயரையே சொல்லாமல் சினிமா கெட்டது என்று ஒருவர் எழுதி அனுப்பினால் அச்சிடுவீர்களா? அதனால் நான் ஒரே ஒரு கேமைப் பற்றி, நல்லதும் கெட்டதும் சேர்த்து எழுதுகிறேன். இடம் இருந்தால் போடுங்கள்.

கேமின் பெயர் 'வேம்பயர் தி மாஸ்கரேட் பிளட்லைன்ஸ்'. 2004 நவம்பர் 16 அன்று வந்தது. கலிபோர்னியாவில் இருந்த ட்ரோய்க்கா கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்தது, ஆக்டிவிஷன் வெளியிட்டது. முதல் ஃபால்அவுட் கேமில் முக்கியமாக வேலை பார்த்த மூன்று பேர் பிரிந்து வந்து ஆரம்பித்த நிறுவனம் அது. அவர்கள் நேரம், கேமை இயக்குகிற அடிப்படை மென்பொருளான சோர்ஸ் எஞ்சினை வால்வ் நிறுவனத்திடம் வாங்கிச் செய்ததால் வால்வின் சொந்த கேம் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று, கடைசியில் எல்லாரும் எதிர்பார்த்திருந்த ஹாஃப் லைஃப் 2 என்ற அந்த வால்வ் கேம் வந்த அதே நாளில் இதுவும் கடைக்கு வந்தது. யார் இதைத் திரும்பிப் பார்ப்பார்கள்? விற்பனை படுத்துவிட்டது, 2005 பிப்ரவரியில் நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். வாழ்நாளில் மொத்தமே மூன்று கேம்.

குன்னூரில் அப்போது ஒரு பிரவுசிங் சென்டரில் இதை அரைகுறையாக ஆடியிருக்கிறேன். கரண்ட் போகும், சேவ் செய்தது போகும், அதோடு கடைக்காரர் மணிக்கணக்கில் காசு வாங்குவதால் வசனத்தையெல்லாம் யாரும் நின்று படிக்கமாட்டோம், சுட்டுத்தள்ளிவிட்டுப் போவோம். இந்த ஐப்பசி மழையில்தான் நிதானமாக முதலிலிருந்து ஆடினேன். ஊட்டிப் பக்கம் போல இல்லை, தொட்டபெட்டா மறைத்துக்கொள்வதால் கோத்தகிரியில் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, சாயங்காலமே மேகம் இறங்கி எதிர்வீடு தெரியாமல் போய்விடும், வெளியே போக வழியில்லை. முழுக்க முழுக்க இரவிலேயே நடக்கிற ஒரு கேமுக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது.

கதை இதுதான். லாஸ் ஏஞ்சலஸ் நகரம். உங்களைக் கடித்து ரத்தக்காட்டேரி ஆக்கியவரை, அனுமதி இல்லாமல் ஆக்கிய குற்றத்துக்காக, கதை தொடங்கியதுமே கொன்றுவிடுகிறார்கள். அந்த ஊர்க் காட்டேரிகளுக்குத் தலைவரான லாக்ரோய் என்பவர் உங்களை மன்னித்து விட்டதுபோல விட்டு, எடுபிடி வேலைக்கு அனுப்புகிறார். சாண்டா மோனிகா, டவுன்டவுன், ஹாலிவுட், சைனாடவுன் என்று நாலு பேட்டை. இடையில் ஒரு பழங்காலக் கல்லறைப் பெட்டி, அதற்குள் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் பதற்றம். கதையாகப் பார்த்தால் இதில் பெரிய புதுமை இல்லை.

புதுமை எங்கே என்றால், நீங்கள் யார் என்பதை மறைத்துக்கொண்டு வாழவேண்டும் என்பதையே ஆட்ட விதியாக வைத்திருக்கிறார்கள். மாஸ்கரேட் என்பது அதுதான். ஜனங்கள் பார்க்க ரத்தம் குடித்தாலோ, தெருவில் காட்டேரி வித்தை காட்டினாலோ ஒரு மீறல் எழுதப்படும், ஐந்து மீறல் ஆனால் ஆட்டம் முடிந்தது. அப்பாவி ஒருவரின் ரத்தத்தைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினால் உங்கள் மனிதத்தன்மை குறையும், அது குறையக் குறைய வெறி பிடிப்பது சுலபமாகும். இன்னொன்று, எதிரியைக் கொன்றதற்கு இதில் திறமையை வளர்க்க உதவும் மதிப்பெண்ணே கிடையாது, ஒப்படைத்த வேலையை முடித்தால்தான் உண்டு, அதைப் பேசி முடித்தீர்களா பதுங்கிப் போய் முடித்தீர்களா என்பது உங்கள் பாடு. கேம் என்றாலே வன்முறை என்று கட்டுரை எழுதியவர் இந்த ஒரு விதியையாவது தெரிந்துகொண்டிருக்கலாம். கோத்தகிரி மாதிரி, டீக்கடையில் தும்மினால் மார்க்கெட்டில் நலம் விசாரிக்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு, நாலு பேர் கண்ணில் படாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான விளையாட்டு என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் ஏழு குலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும், இங்கேதான் இன்று வருகிற பெரிய பட்ஜெட் கேம்கள் பலவும் தோற்கின்றன என்பேன். வென்ட்ரூ என்றால் மேட்டுக்குடி, எலி ரத்தமோ தெருவோரத்தில் கிடப்பவர் ரத்தமோ உள்ளே போகாது, வாந்தி எடுத்துவிடுவார். நாஸ்ஃபரட்டு என்றால் முகமே கோரம், ஆள் கண்ணில் பட்டாலே மீறல், ஆகவே ஊர் முழுக்கச் சாக்கடை வழியாகவே நடமாடவேண்டும். அழகும் கலையுமே மூச்சான டோரியடோர் குலத்து ஆட்களுக்குக் கிடைக்கிற மரியாதை அவர்களுக்கு எந்தக் கதவிலும் கிடைக்காது. மால்கேவியன் என்றால் சித்தம் கலங்கியவர், அவருக்கு மட்டும் கேம் முழுவதும் தனியாக வசனம் எழுதியிருக்கிறார்கள், சாலையில் நிற்கிற ஸ்டாப் போர்டோடு வாக்குவாதம் செய்கிறார், டிவி அவரைப் பார்த்துப் பேசுகிறது. பைத்தியக்காரப் பேச்சு என்று சிரித்துக்கொண்டே கடந்து போவோம், கதை முடிந்து மறுபடி ஆடும்போதுதான், பின்னால் வரப்போகிற முடிச்சுகளை அந்த ஆள் முன்கூட்டியே உளறியிருக்கிறார் என்று தெரியும். சாண்டா மோனிகாவில் கிளப் நடத்துகிற அக்கா தங்கை இருவரைப் பார்த்ததும் அவர் சொல்வதைக் கவனியுங்கள். மேலே சொல்லமாட்டேன், ஆடாதவர்களுக்குக் கெட்டுவிடும்.

வசனம் என்றதும் நீளமான பிரசங்கம் என்று நினைக்கவேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சு வழக்கு, ஒரு திமிர், ஒரு பயம் இருக்கிறது, சோர்ஸ் எஞ்சின் தயவில் கண்ணும் புருவமும் வாயும் அசைகிற விதம் இன்றைக்கும் நம்பும்படி இருக்கிறது. உங்களுக்கு மிரட்டத் தெரிந்தால் ஒரு வரி கூடுதலாக வரும், மயக்கத் தெரிந்தால் வேறு வரி, ஒன்றும் தெரியாவிட்டால் அந்த வரி கண்ணிலேயே படாது. ஹீதர் என்று ஒரு பெண், ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறாள். இரக்கப்பட்டு உங்கள் ரத்தத்தைக் கொடுத்தால் பிழைத்துவிடுவாள், ஆனால் அப்புறம் உங்களுக்கு அடிமைபோல ஆகி, படிப்பை விட்டு உங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். நல்லது செய்ததாக நினைத்த காரியம் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே விழுங்குகிறது, அவளை மனதைக் கல்லாக்கிக்கொண்டு விரட்டுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம். இது சரி இது தவறு என்று கேம் எங்கேயும் வகுப்பெடுக்கவில்லை.

அப்புறம் ஓஷன் ஹவுஸ் ஹோட்டல். பாழடைந்த ஹோட்டலுக்குள் போய் ஒரு பதக்கத்தை எடுத்துவரச் சொல்வார்கள். உள்ளே சண்டைபோட ஒரு எதிரி இல்லை. பல்பு வெடிக்கும், ஜாடி பறக்கும், லிஃப்ட் தானாக விழும், மாடிப்படி காலடியில் உடையும், அங்கங்கே கிடக்கும் பழைய பத்திரிகைத் துணுக்குகளிலிருந்து ஒரு குடும்பம் எப்படிச் செத்தது என்று நாமே கோத்துக்கொள்ளவேண்டும். ரத்தம் குடிக்கிற பிசாசு நான், நானே வீட்டைப் பார்த்து நடுங்குகிறேன் என்பதில் ஒரு குசும்பு இருக்கிறது. எஸ்டேட் பங்களாக்களின் மரத்தளம் ராத்திரியில் தானாக முனகுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், வெள்ளைக்காரன் காலத்துத் துரை கதவைத் தட்டுகிறார் என்று சொல்லியே எங்களைத் தூங்கவைத்தார்கள், அப்படியிருந்தும் ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் மேல்மாடிக்குப் போனேன். ஒலியை வைத்தே பயமுறுத்துவது எப்படி என்று நம்மூர்ப் பேய்ப்படக்காரர்கள் இந்த ஒரு கட்டத்தைப் போட்டுப் பார்க்கலாம்.

குறைகள் இல்லையா? நிறைய. துப்பாக்கி சுடுவது ஆரம்பத்தில் பரிதாபம், எதிரே நிற்கிறவன் மேல் குறிவைத்தாலும் படாது. வாள்சண்டையும் சுமார்தான். ஹாலிவுட் சாக்கடைக் கட்டத்தை ஆடிய யாரைக் கேட்டாலும் திட்டுவார்கள், முடிவே இல்லாமல் நீண்டுகொண்டே போகும். கடைசிப் பகுதியில் பணமும் நேரமும் தீர்ந்துபோனது அப்பட்டமாகத் தெரிகிறது, அதுவரை பேச்சிலேயே காரியம் சாதித்தவர்களைக் கொண்டுபோய்ச் சண்டைக்கு மேல் சண்டையில் தள்ளிவிடுகிறார்கள், அது துரோகம் என்றே சொல்வேன். பெண் பாத்திரங்களுக்கு உடை தைத்தவர்கள் பெண்களைக் கேட்டுத் தைக்கவில்லை. சைனாடவுன் மனிதர்களின் உச்சரிப்பும் நடையும் அந்தக் காலத்து ஹாலிவுட் கேலிதான், அந்த இடத்தில் ஒரு தமிழரை வைத்து இப்படிப் பேசவிட்டிருந்தால் நமக்குக் கோபம் வந்திருக்காதா? இன்றைக்கு ஆடுகிறவர் இதையும் பார்த்துத்தான் ஆகவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கான கேமும் இல்லை, 17 வயதுக்கு மேல் என்று போட்டிருப்பது சும்மா இல்லை, பெற்றோர்கள் கவனிக்கவும்.

கோளாறுகள் தனி. முதலில் வந்தபோது கதை பாதி தாண்டிய ஒரு கட்டத்தில் ஆட்டமே நின்றுபோகும், பிழை திருத்துகிற பேட்ச் வந்த பிறகுதான் சரியானது. நிறுவனமே மூடிய பின்னும் இது செத்துப்போகாமல் இருப்பதற்குக் காரணம் ரசிகர்கள். ஜெர்மனியில் ஒரு வேதியியலாளர் சம்பளம் எதுவும் இல்லாமல் வருடக்கணக்கில் அதிகாரப்பூர்வமற்ற பேட்ச் செய்துகொண்டே வருகிறார், தயாரித்தவர்கள் முடிக்காமல் விட்டுப்போன பகுதிகளைக்கூடத் தோண்டி எடுத்துச் சேர்த்திருக்கிறார். 2019ல் அறிவித்து, நிறுவனம் மாறி, தள்ளித்தள்ளி 2025 அக்டோபரில் வந்த இரண்டாம் பாகம் பார்க்கப் பளபளப்பாக இருக்கிறது, கதை சியாட்டிலுக்குப் போய்விட்டது. ஆனால் பேச்சில் இந்தப் பழையதன் சுவை அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆட நினைப்பவர்களுக்கு இரண்டு தகவல். பழைய சிடி வைத்திருந்தால் புதுக் கம்ப்யூட்டரில் அப்படியே போடாதீர்கள், மெமரி அதிகமாக இருப்பதே அதற்கு ஆகாது, திறக்காமல் அடம்பிடிக்கும். அந்தப் பேட்ச் கட்டாயம், ஜிஓஜி என்ற இணையக் கடையில் வாங்கினால் அதன் அடிப்படை வடிவம் சேர்ந்தே வருகிறது. சாதாரண லேப்டாப் போதும். முதல் தடவை டோரியடோரோ வென்ட்ரூவோ எடுங்கள், மால்கேவியனை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பேசிச் சாதிக்கிற ஆளாக ஆடினாலும் கடைசிக் கட்டத்தை நினைத்து ஏதாவது ஒரு ஆயுதத்தில் கொஞ்சம் மதிப்பெண் போட்டுவையுங்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை வந்த படத்துக்கு மறுநாளே அரைப்பக்கம் ஒதுக்குகிறீர்கள், புத்தகத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது. வாரம் ஒரு கேமை, பெயர் சொல்லி, ஆடிப் பார்த்தவர் எழுதுகிற மாதிரி சின்ன இடம் கொடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் மழை விடும்வரை நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகர்