நம் டிரீம்காஸ்ட்டும் ஒரு கவலையும்

அன்புள்ள சேகர்,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நம் நண்பன் தாடி போன மாதம் வந்திருந்தான். அதே பேச்சு, அதே கடன். தங்கச்சி கல்யாணப் படங்களில் உன்னைப் பட்டு வேட்டியில் பார்த்ததும் ஹாஸ்டல் ஆண்டு விழா ஞாபகம்தான் வந்தது. மேலே எழுதவில்லை, உன் பிள்ளைகள் படித்துவிடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் டிரீம்காஸ்ட், அதுதான் செகாவின் அந்தப் பழைய கேம் கன்சோல், திரும்ப ஓடுகிறது! லேசர் மங்கி எந்த டிஸ்க்கையும் படிக்காமல் கிடந்ததே, அந்த டிரைவையே கழற்றிவிட்டு அதே இடத்தில் டிரைவ் வேடம் போடும் ஜிடிஎமு என்ற போர்டைப் பொருத்திவிட்டேன். டிஸ்க் இமேஜை, அதாவது டிஸ்க்கின் முழு நகல் ஃபைலை, எஸ்டி கார்டில் போட்டுச் செருகினால் போதும். டிரைவிடம் கேட்பதாக நினைத்து கன்சோல் கேட்கிறது, டிரைவ் மாதிரியே போர்டு பதில் சொல்கிறது. டிரீம்காஸ்ட்டின் மதர்போர்டு விஏ1 என்ற வகையாக இருந்தால்தான் இது வேலை செய்யும். நல்லவேளை, நம்முடையது அதுதான்.

அப்புறம், நோட்டில் வரைந்து வைத்தோமே யானை கேம், அதை டிரீம்காஸ்ட்டுக்கு நாமே கேம் எழுத உதவும் காலிஸ்டிஓஎஸ் என்ற இலவச மென்பொருளில் எழுத ஆரம்பித்துவிட்டேன். முன்பு ஒரு சின்ன மாற்றத்துக்கும் சிடி எரிக்க வேண்டியிருந்தது. இப்போது இமேஜைக் கார்டில் போட்டு ஆன் செய்தால் முடிந்தது.

ஆனால் இந்த வேகம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. கார்டில் வெண்ணெய் மாதிரி ஓடிய கேமை சிடியில் எரித்து, நல்ல டிரைவ் உள்ள தாடியின் கன்சோலில் போட்டோம். யானை கோபுர வாசலுக்குள் நுழையும்போது பாட்டு விக்கியது. காரணம் எளிது. எஸ்டி கார்டுக்குத் தூரம் என்று ஒன்று கிடையாது. நிஜ டிரைவில் இருப்பது ஒரே ஒரு லென்ஸ். பாட்டு உள்வட்டத்தில், கோபுரத்தின் படங்கள் வெளிவட்டத்தில் இருந்தால் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தாவலுக்கு 200 மில்லி நொடி என்று வைத்துக்கொள். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் 12 ஃபிரேம் அதிலேயே போய்விடும்.

இந்தப் பிரச்சினையை அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள் என்று, கேம் செய்பவர்களுக்கான டெவலப்மென்ட் ஹார்டுவேர் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். பிளேஸ்டேஷனுக்கு கேம் செய்தவர்கள் கம்ப்யூட்டருக்குள் டிடிஎல்-எச்2000 என்ற இரண்டு போர்டுகளைச் செருகி வைத்திருந்தார்கள். அதோடு சிடி டிரைவ் மாதிரி நடிக்கும் எமுலேட்டர் போர்டு ஒன்றும், டிஸ்க் வேடம் போட ஸ்கஸி என்ற வகை ஹார்டு டிஸ்க் ஒன்றும். பில்ட்சிடி என்ற புரோகிராம் முழு டிஸ்க்கையும் அதில் அடுக்கும், அப்டேட்சிடி மாறிய ஃபைலை மட்டும் மாற்றும். செகாவின் முந்தைய கன்சோலான சாட்டர்னுக்கு, கிராஸ் புராடக்ட்ஸ் கம்பெனியின் மிராஜ் என்ற எமுலேட்டர் இருந்தது. டிரீம்காஸ்ட் டெவலப்மென்ட் பெட்டிக்குள்ளேயே ஹார்டு டிஸ்க் வைத்து செகா கொடுத்தது. ஒற்றை வேகத்தில் 74 நிமிட சிடியை எரிக்க 74 நிமிடம் ஆகும். தொண்ணூறுகளின் நடுவில் வெற்று டிஸ்க் விலையும் அதிகம். இந்த எமுலேட்டர்கள் இல்லாமல் வேலையே நடந்திருக்காது.

டிஸ்க் எவ்வளவு பெரிய தலைவலி என்பதற்கு கிராஷ் பாண்டிகூட் கதை ஒன்றே போதும். பிளேஸ்டேஷனில் மெமரி 2 எம்பிதான். அந்த கேமைச் செய்த நாட்டி டாக் கம்பெனியின் ஆண்டி கேவின் ஒவ்வொரு லெவலையும் 64 கிலோபைட் பக்கங்களாக நறுக்கி, கிராஷ் ஓட ஓட டிஸ்க்கிலிருந்து இழுத்தார். கேமை முடிப்பதற்குள் ஏறத்தாழ 1,20,000 தடவை டிஸ்க்கைத் தொடும் என்றதும், டிரைவ் தாங்கும் கணக்கே 70,000 தடவைதானே என்று சோனிக்காரர் வாயடைத்துப் போனாராம். 1996இல் கேம் வந்தது, அமோகமாக விற்றது. எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை.

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன். ஃபைல் படிக்கும் ஃபங்ஷனில் கடைசியாகப் படித்த செக்டாருக்கும் (டிஸ்க்கில் ஒரு சின்னத் துண்டு) இப்போது கேட்கும் செக்டாருக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டு, அதற்கேற்பக் காக்க வைக்கிறேன். சிடிக்காரனுக்கு விக்கும் இடம் கார்டிலும் விக்க வேண்டும். வாசல் படங்களுக்கு இரண்டு நகல் எடுத்து, பாட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்றை வைத்ததும் விக்கல் பாதி குறைந்திருக்கிறது.

இன்னொன்று மனசை அரிக்கிறது, சேகர். அந்த டெவலப்மென்ட் பெட்டிகளில் இருந்த ஹார்டு டிஸ்க்குகளுக்கு இருபது, முப்பது வயது ஆகிவிட்டது. வெளிவராமலே போன கேம்கள், பாதியில் மாற்றிய லெவல்கள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. நின்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்கான டெவலப்மென்ட் கிட்டில் செருகும் கேட்ரிட்ஜ்களுக்குள்கூட ஹார்டு டிஸ்க்தான். அவற்றிலிருந்து பழைய புரோட்டோடைப்களை, அதாவது கேம்களின் சோதனை வடிவங்களை, மீட்டிருக்கிறார்கள். எங்கோ ஒரு குடோனில் ஒரு டிஸ்க் சுழலாமல் நின்றால், யாரோ இரவு பகலாகச் செய்த வேலை அத்தோடு போயிற்று. எடுத்து வைத்திருப்பவர்கள் பூட்டி வைக்காமல் உடனே நகல் எடுக்க வேண்டும். கம்பெனி ரகசியம் என்று இன்னும் எத்தனை வருஷம் பயப்படுவது?

உன்னிடம் ஒரு வேலை. யானைக்குக் கண் நீதான் வரைய வேண்டும். நான் வரைந்தால் அண்ணாச்சி மாதிரியே முழிக்கிறது. 64க்கு 64 பிக்ஸல், 16 நிறம் போதும். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பென்டிரைவில் கொண்டு வா. மெயிலில் அனுப்புகிறேன் என்று சொல்லாதே, உன் மெயிலை நம்பி 2019லிருந்து காத்திருக்கிறேன்.

அன்புடன்,
குமார்