முட்டைக் காசு

அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் சௌகரியம். பாப்புவுக்குச் சளி விட்டதா? நீ பேசி 16 நாளாகிறது. நானாகக் கூப்பிட்டாலும் "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். வேலை இருக்கும், தெரியும்.

முட்டை விலையை ஏற்றிவிட்டேன். போன வாரத்திலிருந்து 15 ரூபாய். தீபாவளிக்கு வந்தபோது, "அங்கே நாட்டுக்கோழி முட்டை 20, 25-க்கு விக்குது, நீங்க ஏன்ப்பா 10-க்குக் கொடுக்கறீங்க?" என்று கேட்டாய். நான் சள்ளென்று விழுந்தேன். நீ போன பிறகு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14 பெட்டை, 2 சேவல். மேய்ச்சல் போக, கம்பும் சோளமும் மாதம் 20 கிலோ. கிலோ 35 என்றால் 700, வருஷத்துக்கு 8,400. நம் கோழி 12, 15 முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துக்கொள்கிறது. வருஷத்துக்கு ஒன்று 60 இட்டாலே பெரிது. மொத்தம் 840. அடை வைத்தது, உடைந்தது, காக்காய் கொத்தியது போக 700 கைக்கு வரும். தீனி மட்டுமே முட்டைக்கு 12 ரூபாய் ஆகிறது அம்மிணி. கழிச்சலுக்குப் போடும் ஊசியும், கீரி தூக்கிக்கொண்டு போனதும் இதில் சேரவில்லை. இரண்டு வருஷமாகக் கைக்காசைப் போட்டு விற்றிருக்கிறேன்.

அம்மா இருந்தபோதே 12-தான். அவள் இறந்த மாதமே கடைக்காரர் வந்து "10-ன்னா மொத்தமா எடுத்துக்கறேன்" என்றார், நானும் சரி என்றேன். அவர் அதை 18-க்கு விற்கிறார். இப்போது அவருக்குக் கொடுப்பதில்லை, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான். மேலத்தெருவில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், அவர்களே வாரம் 20 எடுக்கிறார்கள். "பண்ணை முட்டை 6 ரூபாய்க்குக் கிடைக்குதே" என்று சிலர் நின்று பேசுகிறார்கள். நாமக்கல் விலைதான் தினமும் பேப்பரில் வருகிறதே, எனக்குத் தெரியாதா? பண்ணைக்கோழி கூண்டில் இருந்தபடி வருஷத்துக்கு 300 இடும். அந்தக் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு. இதை நான் சண்டை போடாமல் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

வெள்ளை முட்டையை டீத்தண்ணியில் ஊறப்போட்டு நாட்டு முட்டை என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வாங்க வருகிறவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். இட்டது எப்போது என்று யாராவது கேட்டால், அம்மா செய்வதைப் போலவே குண்டாவில் தண்ணீர் எடுத்து அவர்கள் முன்னாலேயே முட்டையை விடுகிறேன். அன்றைக்கு இட்டது அடியில் படுத்துக்கிடக்கும். நாள் ஆக ஆகக் கொழுத்த முனை மேலே தூக்கும். மிதந்தால் எடுத்து எறிந்துவிட வேண்டியதுதான். அவள் கையில் முட்டை தண்ணீருக்குள் சத்தமே இல்லாமல் இறங்கும். என் கையில் டொக்கென்று விழுகிறது.

விற்கிறவன் கணக்கு எழுதி வைக்க வேண்டும். சம்பாதிக்கிறவர் எவராக இருந்தாலும் எழுதி வைக்க வேண்டும். நீ எழுதுகிறாயா?

நம் வம்சத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் நீதான். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு எடுத்த பச்சைச் சேலையை இன்றும் பெட்டியில் வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நீ, அன்றைக்குப் பூக்காரிக்கு 40 ரூபாய் கொடுக்க மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தாய். அவர் செல்போனில் பேசி முடிக்கும் வரை பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். அப்புறம் அவர் பர்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மிச்சம் 10 ரூபாயை வாங்கி நீ அவரிடமே கொடுத்தாய்.

மாப்பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாயில்லை.

நீ பத்தாவது படித்த வருஷம், கோழியைக் கவிழ்க்கும் பஞ்சாரம் தொங்குமே, அந்த உத்தரத்தில் அம்மா ஒரு மஞ்சள் பையைச் செருகி வைத்திருந்தாள். முட்டை விற்ற காசு, 2,300 ரூபாய். சீட்டுப் பணம் கட்ட வேண்டும் என்று நான் கேட்காமலே எடுத்துவிட்டேன். சாயங்காலம் பையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உன் காசு என் காசுன்னு என்ன இருக்கு" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை, கோழியைப் பிடித்து அடைக்கப் போய்விட்டாள். அதற்கப்புறம் முட்டைக் காசை அப்படியே என் கையில் கொடுத்துவிடுவாள். வெற்றிலைக்கு 5 ரூபாய் வேண்டுமென்றாலும் என்னிடம் கேட்டு வாங்குவாள். 2,300-ஐ நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. நீ திண்ணையில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாய். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்து எழுத ஆரம்பித்தாய். இதுதான் வழக்கம் என்று அன்றைக்கே உனக்குக் காட்டிவிட்டேன். தப்பு என்னுடையது அம்மிணி.

சனிக்கிழமை கீழ்வீட்டுப் பையன் தாம்பரம் வருகிறான். 40 முட்டை கொடுத்தனுப்புகிறேன். டின்னில் உமி போட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கியிருக்கிறேன். கழுவாதே, அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடை, கழுவினால் சீக்கிரம் கெட்டுவிடும். 10 பாப்புவுக்கு. மீதி 30-ஐ உன் அபார்ட்மென்டில் விற்றுவிடு, 20 ரூபாய்க்குக் குறைக்காதே. சும்மாவும் கொடுக்காதே. அந்த 600-ஐ நீயே வைத்துக்கொள், எனக்கு அனுப்ப வேண்டாம். எழுதி வை. மாதம் இரண்டு தடவை அனுப்ப முடியும். சித்திரை வெயிலில் முட்டை குறையும், அப்போது ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். நீ மட்டும் பேசு. என்ன இருந்தாலும் சொல், நான் கத்த மாட்டேன்.

பையன் திரும்பி வரும்போது டின்னைக் கொடுத்துவிடு. அது அம்மாவுடையது.

அப்பா