வெறுங்கால் எல்லாம் வறுமை அல்ல

ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிராமப் பள்ளி ஓவியங்கள் பற்றிய கட்டுரை, பிள்ளைகளின் காலைப் பார்த்தே வறுமையை அளந்துவிட்டது. முதலில் பருவகாலத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரின் 'ஸ்நாப் தி விப்' (1872) படத்தில், சிவப்புப் பள்ளிக்கூடத்தின் முன் கைகோத்து ஓடும் பையன்கள் பலர் வெறுங்காலோடு இருக்கிறார்கள். வெயிலும் பச்சைப் புல்லும் தெரிகின்றனவே! அன்றைய அமெரிக்கக் கிராமங்களில் தோல் காலணி குளிர்காலத்துக்கு. வசதியான பண்ணை வீட்டுப் பையனும் கோடையில் வெறுங்காலோடுதான் திரிவான். இல்லாமை தெரிவது கால்சட்டையில். அண்ணனுடையது தம்பிக்கு வரும்போது இடுப்பு தொளதொளக்கும். தோள்வார்தான் தாங்கிப் பிடிக்கும். முழங்காலிலும் உட்காரும் இடத்திலும் ஒட்டுத்துணி ஏறும்.

ரஷ்ய ஓவியர் போக்தானோவ்-பெல்ஸ்கியின் 'பள்ளி வாசலில்' (1897) படத்துச் சிறுவன் காலில் இருப்பது காயக்கட்டு அல்ல. கணுக்காலுக்கு மேல்வரை சுற்றிய துணி அது, பெயர் ஒனூச்சி. அதன்மேல் லிண்டன் மரத்தின் உள்பட்டையில் பின்னிய லாப்தியை மாட்டிக் கயிற்றால் இறுக்குவார்கள். சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் வீட்டில் புதிது பின்னிக்கொண்டே இருக்க வேண்டும். ரஷ்யக் குடியானவர்களின் அன்றாடக் காலணி அது. அவன் வறுமைக்குச் சான்று உடையின் கிழிசல்கள்தாம். அதே ஓவியரின் 'மனக்கணக்கு' (1895) படத்தில் பையன்கள் சட்டையை வெளியே விட்டு இடுப்பில் கச்சை கட்டியிருப்பதை 'ஒழுங்கின்மை' என்கிறது கட்டுரை. நேர்மாறு. கச்சை கட்டாமல் வெளியே வருவதுதான் அங்கே மரியாதைக் குறைவு.

சுவிட்சர்லாந்து ஓவியர் ஆல்பர்ட் ஆங்கரின் '1848-இன் கிராமப் பள்ளி' தீட்டப்பட்டது 1896-இல். நாற்பத்தெட்டு ஆண்டு இடைவெளியை மறந்து அதிலுள்ள உடைகளை 1848-க்கு நேர்ச் சான்றாக எடுப்பது ஆபத்து.

கவுன் போட்ட சின்னக் குழந்தைகளையெல்லாம் சிறுமிகள் என்று எண்ணிவிடவும் கூடாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆண்குழந்தைகளும் நான்கைந்து வயதுவரை, சில வீடுகளில் அதற்கு மேலும், கவுன்தான் அணிந்தார்கள். தலை வகிடு ஓரளவு கைகொடுக்கும்: நடுவில் என்றால் பெரும்பாலும் பெண், பக்கவாட்டில் என்றால் ஆண். பெரிய பெண்களின் கவுனுக்கு மேலுள்ள ஏப்ரன் அலங்காரத்துக்கல்ல. கம்பளிக் கவுனை அடிக்கடி துவைக்க முடியாது; மையும் அழுக்கும் ஏப்ரனோடு போய்விடும். நம் வீடுகளில் பாவாடைக்கு டக் பிடிப்பதுபோல, கவுனின் கீழ்ப்பகுதியிலும் மடித்துத் தைத்து, பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டார்கள். மடிப்புக்குள் இருந்த துணி வெளுக்காததால் அந்த இடம் அடர்ந்த பட்டையாகத் தெரியும்.

இனிமேல் ஓவியம் அச்சிடும்போது, தீட்டிய ஆண்டையும் படம் காட்டும் காலத்தையும் தனித்தனியே குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்