கடலை இல்லாத கருப்பட்டிப் பொரி

ஆசிரியருக்கு வணக்கம்.

என் பேரனுக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு பருப்பு தின்றாலே உதடு வீங்கி மூச்சு இழுக்கும். கோவில்பட்டி கடலை மிட்டாய் மணக்கிற சீமையில் பிள்ளை எதைத்தான் தின்பான்? அதனால் கருப்பட்டிப் பொரி செய்து கொடுக்கிறேன்.

4 டம்ளர் பொரியை முதலில் வெறும் சட்டியில் சூடாக்கி எடுத்துவிடுவேன். முக்கால் டம்ளர் உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டி, கரைத்து, மண் போக வடிகட்டி, சுக்கும் ஏலமும் போட்டுக் காய்ச்சுவேன். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். அந்தப் பதம் தப்பினால் பொரி நமுத்துவிடும். அப்புறம் அடுப்பை அணைத்து, பொரியைக் கொட்டிச் சட்டென்று புரட்டணும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடலை அள்ளிய படியாலேயே பொரியை அளக்காதீர்கள், ஐயா. பொரிக்கென்று தனிப் படி வையுங்கள்.

– ஓர் ஆச்சி, பாளையங்கோட்டை