மண் சிலைகளை உடைத்தவரும் கொன்றைவேந்தன் படித்தவரும் ஒருவரே

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

எங்கள் புளோக்கின் கீழே உள்ள காப்பிக்கடையில் போன வாரம் ஒரு சின்ன வாக்குவாதம். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் பக்கத்து வீட்டு அண்ணன், அந்தக் காலத்தில் கடல் தாண்டி வந்த மிஷனரிகள் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "எல்லா எதிர்ப்பும் உங்க ஆளுங்ககிட்ட இருந்துதான் தம்பி" என்று முடித்தபோது கோப்பி தொண்டையில் நின்றது. நான் இந்து, ஆனால் தமிழ்நாட்டுக் கடற்கரையில் டேனிஷ்காரர்கள் வைத்திருந்த தரங்கம்பாடியின் கதையை ஓரளவு படித்தவன். அவரிடம் சொன்னதையும், பேச்சுவாக்கில் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

ஜெர்மானிய மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சாவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்தான் அனுப்பிவைத்தார், சீகன்பால்குவுக்கு அப்போது 25 வயதுகூட ஆகவில்லை. அரசர் அனுப்பிய ஆட்களுக்கு என்ன வரவேற்பு கிடைத்தது தெரியுமா? மணிக்கணக்கில் கோட்டை வாசலில் காக்கவைத்தார்கள், அப்புறம் சந்தைத் திடலில் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். செய்தது தஞ்சாவூர் ராஜாவோ கோயில் ஐயரோ இல்லை, டேனிஷ் கம்பெனியின் தளபதி ஹாசியஸ். மதம் பேசினால் வியாபாரம் கெடும் என்ற பயம். 1708இல் அதே ஆள் சீகன்பால்குவைப் பிடித்து நாலு மாதம் டான்ஸ்பொர்க் கோட்டையில் அடைத்துப்போட்டார். ஐரோப்பாவிலிருந்து வந்த பணமோ கரைக்கு எட்டும் தூரத்தில் கடலுக்குள் போய்விட்டது. அச்சு இயந்திரத்தோடு புறப்பட்ட அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். சீகன்பால்குவின் கடைசிக் காலத்தில் கோபன்ஹேகனிலிருந்து வந்த கடிதமும் திட்டுத்தான்: கட்டடத்துக்கு ஏன் செலவு செய்கிறாய், அப்போஸ்தலர்கள் மாதிரி கையை வீசிக்கொண்டு போக வேண்டியதுதானே என்ற தொனியில். 1719 பிப்ரவரியில் 36 வயதில் இறந்தார்.

ஊர்க்காரர்கள் எதிர்க்கவில்லை என்று நான் சொல்லவில்லை. மதம் மாறியவர்களை வீட்டில் சேர்க்கவில்லை, உறவு அறுந்தது, சாப்பாட்டுக்கே வழியில்லாமல் போனவர்கள் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே ஊரில்தான் 70 வயது வாத்தியார் ஒருவர் தன் திண்ணைப் பள்ளியை சீகன்பால்குவின் வீட்டுக்கே கொண்டுவந்து நடத்தினார். இந்த வெள்ளைக்காரர் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். பல ஐரோப்பிய மொழிகள் பேசிய அழகப்பன் என்ற துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார், அந்த உறவுக்காகவே பிறகு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார். விடாமுயற்சி என்று பேசும்போது அழகப்பனை யார் நினைக்கிறார்கள்?

இன்னொன்று, அண்ணனுக்குப் பிடிக்காதது. வந்த புதிதில் ஊருக்கு வெளியே ஒரு கோயிலில் இருந்த மண் சிலைகளைத் தள்ளி, சிலவற்றின் தலையைத் தட்டி உடைத்தார் சீகன்பால்கு. அவரே எழுதிவைத்திருக்கிறார். அங்கிருந்த ஒருவர் கோபப்படாமல், ஐயா இவை சாமி இல்லை, சாமிக்குக் காவல் நிற்கும் சிப்பாய்கள் என்று விளக்கினாராம். படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது, அந்தப் பெரியவரின் பொறுமையை நினைத்துச் சிரிப்பும் வந்தது. ஆனால் சிலையை உடைத்த அதே மனிதர்தான் 1708இல் 119 தமிழ் நூல்களுக்குப் பட்டியல் போட்டார், நாம் பள்ளியில் மூச்சுவிடாமல் ஒப்பித்த கொன்றைவேந்தனை ஜெர்மனில் மொழிபெயர்த்தார், உலகநீதியையும்கூட. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதி 1713இல் ஜெர்மனிக்கு அனுப்பினார். அவருடைய குருவான ஃபிராங்கே, உன்னை அனுப்பியது அந்த மதத்தை அங்கே ஒழிக்க, இங்கே பரப்ப இல்லை என்று மறுத்துவிட்டார். புத்தகம் அச்சேறியது 1867இல், சென்னையில். கணக்குப் போட்டால் 154 வருடம்! புதிய ஏற்பாட்டை 1715இல் தமிழில் அச்சிட்டு முடித்ததற்கு அவரை எல்லாரும் புகழ்கிறார்கள், சரி, ஆனால் பெட்டிக்குள் கிடந்த இந்தப் புத்தகம்தான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

நம்ம சிங்கப்பூரிலும் இப்படி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி சோஃபியா பிளாக்மோர் 1887இல் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் பள்ளி தொடங்கினார். முதல் மாணவிகள் ஒன்பது பேரும் தமிழ்ப் பெண்கள், ஆதரவு கொடுத்ததும் இந்திய வியாபாரிகள்தான். அதற்கடுத்து பெரனக்கான் (மலாய்ப் பழக்கங்கள் கலந்த உள்ளூர்ச் சீனர்) வீடுகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டியபோது, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு என்ற பதில்தான் திரும்பத் திரும்பக் கிடைத்தது. விடவில்லை. 1928 வரை இங்கேயே இருந்தார். அந்தக் கடைவீட்டுப் பள்ளிதான் இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி, ஆனால் அந்த ஒன்பது பெண்களின் வீட்டார் யாராவது நம் பக்கத்துக் கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்த மனிதர்களைப் பற்றி எழுதும்போது உடைந்த சிலையையும் துரத்தப்பட்ட துபாஷியையும் விட்டுவிடாதீர்கள். அண்ணனுக்கு நான் சொன்னதில் பாதிதான் பிடித்தது, சிலை விஷயத்தைத் தானே தேடிப் பார்க்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அழகப்பன் பெயரை மட்டும் பேப்பர் துண்டில் எழுதித் தரச் சொல்லி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்