அந்த நீலப் பெட்டியைத் திறந்து படியுங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. மாணவர் நலனில் இந்த ஆண்டு கண்ட முன்னேற்றம், ஆண்டிறுதித் திட்டம் என்று நான்கு பக்கம், வண்ணப் படங்களோடு. இரண்டாம் பக்கத்தில் மாடிப்படி ஓரம் இருக்கும் நீல நிற மனசுப் பெட்டியின் படம். 'மாணவர்கள் மனதில் உள்ளதைத் தயங்காமல் எழுதிப் போட ஏற்பாடு' என்ற வரிக்கு எதிரே பச்சை மையில் ஒரு டிக். அந்த டிக்கைப் பார்த்த பிறகும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பெட்டி வைத்தீர்கள், மறுக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் அதில் ஒரு சீட்டுப் போட்டாள். அதற்கு முந்தைய நாள் இரவு, "அம்மா, இடைவேளைக்கு எந்த ளை?" என்று கேட்டாள். வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்று நினைத்து அடுப்படியில் இருந்தபடியே சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. 'மதிய இடைவேளையில் என்னை யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்வதில்லை. நான் எங்கே போய் உட்கார வேண்டும்?' என்று எழுதியிருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை. யார் மீதும் புகார் சொல்லவில்லை, உட்கார இடம்தான் கேட்டிருக்கிறாள்.

முதல் வாரம் தினமும், "நாளைக்குத் திறப்பாங்களாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு பேச்சே இல்லை. இரண்டு மாதம் போன பின் ஒருநாள், "பெட்டி ரொம்பிடுச்சும்மா, என் மஞ்சள் தாள் வெளியே தெரியுது" என்றாள். மற்றவர்கள் போட்ட சீட்டுகளைத் திணிக்கத் திணிக்க, இவளுடையது வாய்ப்பக்கம் பிதுங்கிவிட்டது போலிருக்கிறது. யாராவது உருவிப் படித்துவிட்டால்? அன்றிலிருந்து அந்தப் படிக்கட்டுப் பக்கமே போகாமல் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போகிறாள். மனபாரம் குறைய வைத்த பெட்டி, அவளுக்குப் புதிதாக ஒரு பயத்தைக் கொடுத்ததுதான் மிச்சம்.

வகுப்பாசிரியரைக் கேட்டேன். சாவி அலுவலகத்தில் இருக்கிறது என்றார். அலுவலகத்தில், ஆலோசகர்தான் திறக்க வேண்டும் என்றார்கள். வாரம் இரண்டு நாள் மட்டும் வரும் ஆலோசகரோ, அப்படி ஒரு பொறுப்பு தன்னிடம் இருப்பதே தெரியாது என்றார். இவர்களில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளைத் தனியாளாகச் சமாளிக்கும் ஆசிரியர், சொல்லப்படாத வேலையை எப்படிச் செய்வார்? பெட்டி வாங்கியவர்கள் அதை யார், எந்தக் கிழமை திறப்பது என்று முடிவு செய்யவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

என் முதன்மையான வேண்டுகோள் இது. ஆண்டு முடிவதற்குள் அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு சீட்டையும் படியுங்கள். எழுதிய பிள்ளையைத் தனியாக அழைத்து, படித்தோம் என்றாவது சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் தீர்வு கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்று ஒருமுறை தெரிந்துகொண்ட பிள்ளை, அடுத்து இதைவிடப் பெரியது நடந்தாலும் வாய் திறக்காது. அந்தப் பயம்தான் எனக்கு.

1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அதற்கு உரிய மதிப்புக் கிடைக்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. சொல்வதற்குப் பெட்டி வைத்துவிட்டீர்கள். மதிப்புக் கொடுக்கும் பாதி இன்னும் பூட்டிக் கிடக்கிறது.

அதே உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு ஓய்வும் விளையாட்டும் பற்றியது. இதைச் சொல்லக் காரணம், உங்கள் ஆண்டிறுதித் திட்டப்படி இந்த மாதம் முழுக்க விளையாட்டுப் பீரியட் ஆண்டு விழா ஒத்திகைக்குப் போய்விட்டது. இந்த வயதில் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒத்திகையில் என் மகள் மரமாக நிற்கிறாள். ஒரு மணி நேரம், அசையாமல். அந்த நிகழ்ச்சியின் பெயர் 'துள்ளும் பிள்ளைகள்'. அடுத்த ஆண்டு அறிக்கையில் இதற்கும் ஒரு பச்சை டிக் விழும் என்று நம்புகிறேன்.

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு.

திட்டத்தில் தேர்வு அட்டவணை இருக்கிறது, விழா மேடை அலங்காரத்துக்கு அரைப் பக்கம் இருக்கிறது, புத்தகங்களைத் திருப்பித் தரும் தேதிகூட இருக்கிறது. அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகளை எப்படி அனுப்பப் போகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. போன ஆண்டு செக்‌ஷன் மாற்றியது பள்ளி திறந்த அன்று அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. இருந்த ஒரே தோழி வேறு செக்‌ஷன். மகளின் மதிய இடைவேளைக் கதை அங்கேதான் தொடங்கியது. விடுமுறைக்கு முன்பே பட்டியலைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்வார்கள். பிரிக்கும்போது, குறைந்தபட்சம் பழகிய ஒரு முகமாவது கூட இருக்கும்படி பாருங்கள். அப்புறம், இப்போதைய ஆசிரியரும் அடுத்த ஆண்டு ஆசிரியரும் அரை மணி நேரம் உட்கார்ந்து, மதிப்பெண்ணைத் தவிர மற்றதைப் பேசட்டும். யார் தனியாக இருக்கிறார்கள், யார் திடீரென்று பேச்சைக் குறைத்துவிட்டார்கள் என்பது எந்த ப்ரோக்ரஸ் கார்டிலும் வராது.

இவை எதற்கும் செலவு ஆகப்போவதில்லை. பெட்டிக்குச் சாவியும் ஏற்கெனவே இருக்கிறது.

எனவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன், அந்தப் பெட்டியைத் திறந்து படியுங்கள். வரும் பெற்றோர் கூட்டத்துக்குள் திறந்துவிட்டால் நல்லது. மஞ்சள் தாளில் எழுதியிருப்பது என் மகளுடையது. அவளிடம் பேசும்போது, நான் சொல்லித் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்